மியூசியம் ஸ்டாப்

"மியூசியம் இறங்குங்க, மியூசியம்" என்று தொண்டை கிழியக் கத்தியே தலை நரைத்தவள் கண்டக்டரம்மா. அந்த பஸ்ஸை ஓட்டியவள் டிரைவரம்மா. ஒரே வண்டியில் காலம் தள்ளி, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்ற சிநேகிதிகள். ஊர் ஜனத்தையெல்லாம் அந்தத் தூண் வைத்த கட்டிடத்தின் வாசலில் இறக்கிவிட்டார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. டூட்டியில் இருக்கிறவர்களுக்கு ஏது படமும் சிலையும்.

இப்போது அங்கே போகவேண்டி வந்ததற்குக் காரணம் கண்டக்டரம்மாவின் மகள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. பொறுப்பானவள், அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவள். தொல்லையே அதுதான். போன மாதம் கண்டக்டரம்மா கடைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டாள். கடைசி ஸ்டாப்பில் விழித்தவள் திக்குத் தெரியாமல் மகளுக்கு போன் போட்டு அழுதாள். தூங்குகிறவர்களையெல்லாம் தட்டி எழுப்பி இறக்கிவிட்டவள் தன் ஸ்டாப்பில் இறங்க மறந்தால் மானம் போகாதா? மகள் அன்றைக்கே அம்மாவின் வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கண்டக்டரம்மாவுக்கு மகள் வீட்டுப் பின்னறைதான் வாசம். புதுத் திரைச்சீலை, மெத்தென்ற கட்டில், வேளாவேளைக்குச் சாப்பாடு. அவளுக்கோ மூச்சு முட்டியது.

சண்டை போட்டாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தாள். கடைசியில் மகள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு நாள்மா. காலைல கிளம்பி சாயங்காலம் திரும்பி வா. நடுவுல எனக்கு ஒரு போன் வரக் கூடாது. நீ அப்படி வந்துட்டா சாவியைத் தந்துடுறேன், இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சொன்னவள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் தன் போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்றை அம்மாவின் பையில் மாட்டியும்விட்டாள். கண்டக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

எங்கே போவது என்று, கூடவே கிளம்பிய டிரைவரம்மா யோசிக்கவே இல்லை. அத்தனை வருஷம் வாசலோடு திரும்பிய இடம் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்றாள்.

உள்ளே போனதும் இருவருக்கும் குஷி தாங்கவில்லை. துணியில்லாமல் நின்ற பளிங்கு மனிதனைப் பார்த்து, பாவம், மழைக்காலத்தில் என்ன செய்வான் என்று டிரைவரம்மா விசாரப்பட்டாள். ஜனம் பிதுங்கி வழியும் படகு ஒன்றை ஒரு சுவர் முழுக்க வரைந்திருந்தார்கள். கண்டக்டரம்மா அதன் முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டாள். ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மீசைக்காரன் கட்டாயம் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான் என்று பட்டது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் டிரைவரம்மாவைக் காணோம்.

நடந்தது இதுதான். காவலர் ஒருவரின் இடுப்பிலிருந்த கருவி "பீப் பீப்" என்று இரண்டு தரம் கத்தியிருக்கிறது. இரண்டு சத்தம் கேட்டால் வண்டியை எடுக்க வேண்டியது. பின்னால் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பது கண்டக்டர் கவலை. காலம் முழுக்க அப்படியே பழகிய டிரைவரம்மாவின் கால்கள், சிநேகிதி பின்னாலேயே வருகிறாள் என்ற நம்பிக்கையில், நேரே பார்த்தபடி அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தன.

கண்டக்டரம்மா தேடினாள். எந்த வாசலில் நுழைந்தாலும் திரும்பத் திரும்ப அந்தப் பளிங்கு மனிதனிடமே வந்து சேர்ந்தாள். முழங்கால் வலித்தது. போன மாதத்து அழுகை திரும்பவும் வந்துவிடும்போல் இருந்தது.

அவள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் காவலர் வந்தார். தங்கமான மனுஷர். "பாட்டி" என்று அவர் கூப்பிட்டதுதான் சுருக்கென்று தைத்தது. உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். பையில் தொங்கிய அட்டையைப் பார்த்தவர், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். வேண்டாம் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நம்பரை அழுத்த ஆரம்பித்துவிட்டார். கண்டக்டரம்மாவின் கண்முன் அந்தப் புதுத் திரைச்சீலை ஆடியது.

விசிலை வேலையோடு திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் விசில் தொலைந்த நாட்களில் கைகொடுத்த இரண்டு விரல்கள் அவளிடமே இருந்தன. எழுந்து, காலை அகட்டி ஊன்றி, விரல்களை வாயில் வைத்தாள். நீளமாக, ஒரே ஒரு விசில்.

கட்டிடமே அதிர்ந்தது. படம் பார்த்தவர்கள் பார்த்தபடி நின்றார்கள். நம்பரை அழுத்திய விரல் பாதியில் நின்றது. நாலைந்து அறை தள்ளிப் போய்க்கொண்டிருந்த டிரைவரம்மாவின் வலது கால் வெறுந்தரையில் ஓங்கி பிரேக் போட்டது. பின்னால் வந்த பெரிய மனிதர் ஒருவர் அவள் முதுகில் வந்து மோதினார். அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல், விசில் வந்த திசையில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

"ஆளை விட்டுட்டு வண்டியை எடுத்துட்டியேடி."

"ரெண்டு விசில் கேட்டுச்சே."

இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். விஷயம் தெரிந்து சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். காவலர் தலையைச் சொறிந்தபடி போனை உள்ளே வைத்தார். இனி இங்கே விசில் அடிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நான் எப்படிக் கிளம்புறதாம்?" என்றாள் டிரைவரம்மா.

மிச்ச அறைகளில் விசிலுக்குப் பதில் முதுகில் தட்டிக்கொண்டார்கள். ஒரு தட்டு தட்டினால் நிற்பது, இரண்டு தட்டினால் போவது. ஒரு படம் பாக்கியில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரம்மா கண்ணை மூடவே இல்லை. அந்த பஸ்ஸின் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் தன் ஸ்டாப்பின் பெயரை இவளே உரக்கக் கூவினாள். நாலு பேர் அவசரமாக எழுந்து இறங்கினார்கள்.

மகள் வாசலிலேயே போனும் கையுமாக நின்றிருந்தாள். நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து முகம் வாடிப்போயிருந்தது.

"போனே வரலைம்மா" என்றாள்.

கண்டக்டரம்மா பையிலிருந்த அட்டையைக் கழற்றி மகள் கையில் வைத்து, கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பிறகு கையை அப்படியே நீட்டினாள். சாவி வந்தது. இருட்டுகிறதே, வீடுவரை கூட வரட்டுமா என்று மகள் கேட்டாள். காலையில் வந்து பார், காபி போட்டு வைக்கிறேன் என்றாள் அம்மா.

பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரைவரம்மாவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம், ரைட்."