அசையாமல் நின்றவர்கள்

அன்று அந்த சைட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் மாதையன், சுத்தியல் அடிக்கும் நாகராஜு, பக்கத்து நிலத்து கௌரம்மா, அவளுடைய கறவை மாடு, என் தம்பி முருகேசன், நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டெல்லா மேடம். போன வாரம் நாகராஜு போன் செய்து, "மேடம் ஹோகிபிட்ரும்மா, தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று அழுதபோது, இந்த வரிசைதான் முதலில் கண்ணில் வந்து நின்றது. மாட்டை எதற்குச் சேர்த்தேன் என்றால், அதுகூட அன்று அசையாமல் நின்றது.

மேடத்தை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் நிறையப் பேர் அவரை சர்ச்சில் பார்த்தவர்கள். பட்டுச் சேலையும் பாட்டுப் புத்தகமுமாக. நான் பார்த்தது, மொட்டை வெயிலில் நின்று பூமிக்கு அடியில் கேட்ட மேடத்தை. அதை யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

சொந்த ஊர் மார்டள்ளியில் எங்கள் பங்குக்கு வந்த நிலத்தை விற்று, டவுனில் விஜயநகர் தாண்டி ஒரு சைட், காலி மனை, வாங்கினோம். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் வெளுக்கிற லாண்டரி போடுவதற்கு. சைட் பிடித்துக் கொடுத்தவன் முருகேசன். "கீழ முழுக்கப் பாறைக்கா. யானையக் கொண்டாந்து கட்டு, தாங்கும்" என்றான். மெஷின் விற்ற கம்பெனிக்காரரோ, அடியில் என்ன இருக்கிறது என்று சர்வே எடுத்துக் காட்டாமல் மெஷினை இறக்க மாட்டேன் என்றுவிட்டார். வேகமாகச் சுற்றும்போது அது தரையைப் போட்டு உலுக்குமாம். தரை இறங்கினால் மெஷினும் போச்சு, நாங்களும் போனோம். விற்க இன்னொரு நிலம் எங்களிடம் இல்லை.

"பாறைக்கு ஸ்கேன் எடுக்கப் போறியாக்கா? எத்தனை மாசம்?" என்று தம்பி சிரித்தான்.

முதலில் ஒரு சர்வேக்காரரைக் கூப்பிட்டேன். சைட்டைக்கூடப் பார்க்காமல், "உங்களுக்கு எப்படிம்மா ரிப்போர்ட் வேணும்?" என்றார், தோசையா பூரியா என்று ஓட்டலில் கேட்கிற மாதிரி. அடுத்து, அதே சர்வே வேலை செய்கிற மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கேட்டதே வேறு. "கெட்ட பதில் வந்தா என்ன பண்ணுவீங்க, அக்கா? ஒண்ணும் பண்ண மாட்டேன்னா என்னைக் கூப்பிடாதீங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்த கையோடு, வேலையை இந்தம்மாவுக்குத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

வந்தார். அடியில் ஆணி வைத்த சின்னச் சின்னக் கருவிகளை ஒரே நேராகத் தரையில் குத்தினார். "இதெல்லாம் காது" என்றார். எல்லாவற்றையும் ஒயரில் கோத்து ஒரு பெட்டியில் சேர்த்தார். ஓரத்தில் இரும்புத் தகடு. அதில் அவருடைய ஆள் நாகராஜு பெரிய சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். அந்த அதிர்வு எந்தக் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று பெட்டி காட்டும். "பாறையில சத்தம் ஓடும், அக்கா. கொட்டின மண்ணுல நடக்கும்" என்றார். அடிக்கும்போது யாரும் அசையக் கூடாது. அசைந்தால் அதுவும் காதில் விழும்.

என் வீட்டுக்காரர் இருமல்காரர். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கண் சிவக்க நின்றார். கௌரம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாகராஜு அடித்தான். மேடம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "யாரோ நடக்கிறாங்க" என்றார். மறுபடி அடி. மறுபடி நடை.

"செருப்புல கல்லு மாட்டிக்கிச்சு" என்றான் முருகேசன்.

"அண்ணா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இப்படியே போனா சைட் ரிப்போர்ட் வராது, உங்க கால் ரிப்போர்ட்தான் வரும்."

அவன் போகவில்லை. கடைசியில் வெள்ளை வேட்டியோடு அவனை மண்ணில் உட்கார வைத்துவிட்டுத்தான் மேடம் வேலையை முடித்தார்.

முழுக் கணக்கு பிறகு தருவதாகச் சொன்னார். ஆனால் பெட்டியைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் பாதி, கொஞ்சம் தோண்டினாலே பாறை. பின்பாதி ஆழம் வரைக்கும் கொட்டின மண். அதைக் கேட்டு கௌரம்மா கன்னடத்தில் வெள்ளந்தியாகச் சொன்னாள்: அங்கே கல் உடைத்த குழி இருந்ததே, உங்கள் தம்பிதானே டிராக்டர் டிராக்டராக மண்ணும் இடிசலும் கொண்டுவந்து ரொப்பினார்! நான் திரும்பிப் பார்த்தேன். மண்ணில் அவன் உட்கார்ந்த தடம் மட்டும்தான் இருந்தது.

மெஷின்களை ரோட்டுப் பக்கம் வைத்தோம். பின்பக்கம் துணி காயப்போடும் கொடிகள். முதல் மெஷின் சுற்றிய அன்று மேடம் வந்தார். நான் கொடுத்த காபியைக் குடிக்காமல், டம்ளரை மெஷின் பக்கத்தில் தரையில் வைத்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் லேசாக நடுங்கியது, தளும்பவில்லை. பிறகுதான் எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தரவா என்றதற்கு, "வேண்டாம், இது நான் சம்பாதிச்ச காபி" என்றார்.

முருகேசன் சும்மா இருக்கவில்லை. அந்தம்மா கமிஷன் வாங்கிக்கொண்டு சைட்டுக்குக் கெட்ட பேர் வைத்தது என்று புரோக்கர்கள் நடுவே கிளப்பிவிட்டான். அந்தப் பக்கத்தில் மேடத்தைக் கூப்பிடுவதையே பலர் நிறுத்தினார்கள். சண்டைக்குக் கிளம்பிய என்னை அவரேதான் தடுத்தார். "நிலம் எங்கயும் ஓடாது, அக்கா. சந்தேகம் இருக்கிறவங்க வந்து மறுபடி அடிச்சுப் பாக்கட்டும்."

சில வருஷம் கழித்து அவனே வீடு கட்டினான். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரைக் கூப்பிட்டான்? மேடத்தையே. அவரும் போனார்.

"தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னானா?" என்று கேட்டேன்.

"சொல்லலை. ஆனா அடிக்கும்போது அசையாம நின்னார்" என்று சிரித்தார். அவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

இன்றும் புது மெஷின் இறங்கினால் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி வைத்துப் பார்க்கிறேன். யார் எதை விற்க வந்தாலும், கெட்ட பதில் இருந்தால் அதையும் சொல்வாயா என்று கேட்கிறேன். இந்த லாண்டரி நிற்பது ஸ்டெல்லா மேடம் கேட்டுச் சொன்ன இடத்தில் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். என்னிடம் இருக்கும் மேடம் இவ்வளவுதான். எனக்கு இது பெரிய சொத்து.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தோம். துண்டோடு என் வீட்டுக்காரர், நாகராஜு, மாடு இல்லாமல் கௌரம்மா. பாதிரியார் ஜெபிக்கும்போது ஒருவரும் அசையவில்லை. மேடம் காட்டிய இடத்தில் தூண் நிறுத்தி, விரிசல் விடாத வீட்டில் இருப்பவன் ஒருவன்தான் வரவில்லை. டிராக்டர் டிராக்டராக மண் கொட்டியவனுக்கு, ஒரு பிடி மண் போட வர முடியவில்லை. அவனை நான் மன்னிக்க மாட்டேன். என் கூடப் பிறந்த முருகேசன்.