மெயினை அணைத்த பிறகும் அடித்த ஷாக்

நல்லூரில் கீழே பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட், மேலே வீடு. "மெயின் ஆஃப்னா எல்லாமே ஆஃப்தானுங்க" என்றார் மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டிய மேதாவி. நம்பினேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்ததும், பஞ்சு படிந்த பேனல்களையும் கழுவக் கிளம்பினோம். மெஷினுக்குச் செய்வதுபோல மெயினை அணைத்தேன். உச்சி வெயிலில் பேனலுக்கு அடியில் துடைத்த மனைவியின் ஈரக்கை, எலி கடித்த வயரில் பட்டது. தூக்கி எறியப்பட்டாள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை.

போனில் மேதாவி சிரித்தார். "வெயில் இருக்கற வரைக்கும் பேனல் வயர்ல கரண்ட் இருக்குமுங்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சுட்டேதான் எல்லாமே ஆஃப்னு சொன்னீங்களா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

வயரை வேறொருவர் மாற்றினார். இப்போது பொழுது சாய்ந்த பிறகுதான் பேனல் கழுவுகிறோம். மேதாவி அனுப்பும் பண்டிகை வாழ்த்துகளை மட்டும் பட்டப்பகலிலேயே அழித்துவிடுகிறேன்.