வெள்ளை வேனில் கட்டுநாயக்காவுக்கு

டிக்கட் எழுதிக் குடுக்கிறது ஒரு தொழிலே இல்லை, அந்த டிக்கட்டோட ஆளைப் பிளேனடியில கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் தொழில். இதில கிடந்து மாரடிச்சவை எல்லாரும் நான் சொல்லுறதை ஒத்துக்கொள்ளுவினம்.

சண்டையால யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. வெள்ளவத்தையில ஒரு சாறிக்கடைக்கு மேல்மாடியில ஹனீபா முதலாளியின்ர ட்ரவல்ஸ். நான் அங்க கிளார்க். யாழ்ப்பாணப் பிளேன் ரத்மலானையில இருந்து போகும். காலி வீதியில தெற்கால திரும்பினால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில போய்ச் சேர்ந்திடலாம். திடீரெண்டு ஒருநாள், மறு அறிவித்தல் வரைக்கும் பிளேன் கட்டுநாயக்காவில இருந்துதான் போகும் எண்டு சொல்லிப்போட்டினம். எண்டால் கொழும்பை முழுசா ஊடறுத்து வடக்கால போகவேணும். வழி நெடுக செக் பொயின்ற். யாழ்ப்பாண அடையாள அட்டையோட அந்த றோட்டால போறது என்ன மாதிரி எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் போயிருப்பியள்.

கொட்டாஞ்சேனையில பிறந்தவன், சிங்களம் தண்ணி பட்ட பாடு எண்டு சொல்லி முதலாளி என்னையும் சனத்தோட வேனில ஏத்திவிட்டார். நான் பயந்தாங்கொள்ளி எண்டதை முதலே சொல்லிப்போடுறன். எனக்கு முன்னம் இந்த வேலைக்குப் போன ஜெகனை, சனத்தைப் பிளேன் ஏத்திப்போட்டு வெறும் வேனோட திரும்பி வரேக்க, களனிப் பாலத்தடியில ஆமிக்காரர் மறிச்சுக் கொண்டு போனவை. கன நாளைக்குப் பிறகுதான் விட்டவை. வீட்டை வந்தவர் பிறகு வேலைக்கு வரேல்லை. அவற்ர கதிரையிலதான் நான் இருந்தனான். அதனால என்ர மனிசி ஒரு சட்டம் போட்டா. திரும்பி வரேக்க பாலம் தாண்டினவுடன ஒரு மிஸ்ட் கோல் குடுக்கவேணும். அது வரும்வரைக்கும் அவ சோறு தின்ன மாட்டா. முதல் நாள் வாசலில நிண்டு கேட்டா:

"போகேக்க சனம் இருக்கு. வரேக்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கடல் எந்தப் பக்கம்?

வேன் வாடகை வேன். ஓட்டுறது சுனில் அய்யே, மொறட்டுவைச் சிங்கள ஆள், நல்ல மனுசன். நான் அய்யே, அண்ணை எண்டால் அவர் மல்லி, தம்பி எண்டுவார். எல்லாம் சரி, வேன் வெள்ளை. அந்த நாளையில வெள்ளை வேனில ஏத்தின தமிழ் ஆள் திரும்பி வாறதில்லை எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் பயணத்தில வந்தவர் கந்தசாமி ஐயா, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். டிக்கட் எடுத்துக் குடுத்தது மருமகன். ஏர்போட் மாறின கதையை அந்தப் புத்திசாலி மாமனாருக்குச் சொல்லேல்லை.

வேன் வடக்கால திரும்பி பம்பலப்பிட்டி தாண்டி கொள்ளுப்பிட்டிக்கு வருது. ஐயா பின்சீற்றில இருந்து ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளாலயும் தெரியிற கடலையே பார்த்துக்கொண்டு வாறார். ரத்மலானைக்குப் போறதெண்டால் கடல் வலக்கைப் பக்கம் வரவேணும். இது இடக்கைப் பக்கம் வருது. மனுசன் சத்தம் போடேல்லை. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழட்டி, பக்கத்தில இருந்த முன்பின் தெரியாத பிள்ளையின்ர மடியில வைச்சார். பிறகு குனிஞ்சபடி முன்னுக்கு வந்து என்ர தோளைத் தொட்டார்.

"தம்பி, நான்தான் வேணுமெண்டால் நான் வாறன். இந்தச் சனத்தை இறக்கி விட்டிடுங்கோ."

போர்ட் எழுதினால் போதுமோ

அவரை ஆற்றித் தேற்றிப் பிளேன் ஏத்திப்போட்டு வந்து முதலாளியிட்டச் சொன்னன், வேற நிற வேன் பாருங்கோ எண்டு. "வாடகைக்கு ஈக்கிற வேனெல்லாம் வெள்ளதான் தம்பி. பெயின்ட் அடிச்சா பதிவுப் புத்தகத்தில நிறம் மாத்தணும். மாத்தப் போனா ஏன் மாத்துறாய்னு கேப்பான். அந்தக் கேள்விக்கு நீங்க போய் பதில் சொல்றீங்களா?" எண்டார்.

கடைசியில ட்ரவல்ஸின்ர பேரைப் பெரிய எழுத்தில மூண்டு பாஷையிலயும் எழுதி ரெண்டு பக்கமும் ஒட்டினம். அடுத்தநாள் ஒரு அக்கா, கையில பையும் குடையுமா வந்து, போர்டை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சா. பிறகு ஏறாமல் குடையை ஊண்டிக்கொண்டு நிண்டா.

"கடத்துறவனுக்கும் எழுதத் தெரியும்தானே தம்பி."

வாய் திறக்காதேங்கோ

சனத்தோட போகேக்க நான் கண்ட பெரிய பயம் ஒருகொடவத்தைச் செக் பொயின்றிலதான். ரெண்டு பக்கமும் கொள்கலன் லொறி, நடுவில நாங்கள். சனம் தமிழில ஏதும் கதைச்சு வில்லங்கத்தை விலைக்கு வாங்கிப்போடும் எண்டு, "நான் கதைக்கிறன், நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது" எண்டு கட்டளை போட்டன். எங்கட சனத்துக்குச் சொன்னால் போதும். மூச்சுக் கூட இல்லை. கைக்குழந்தை ஒண்டு சிணுங்க, தாய் அதின்ர வாயில விரலை வைச்சிட்டா. ஆமிக்காரன் உள்ளுக்குத் தலையை விட்டுப் பார்த்தான். ஒருத்தர் முகத்திலயும் அசைவில்லை. அவன் ரெண்டடி பின்னுக்குப் போய்த் துவக்கைச் சரியாப் பிடிச்சான். எல்லாரையும் இறக்கி, சாமான் எல்லாத்தையும் தார் றோட்டில கொட்டச் சொன்னான். கொட்டினால் யாழ்ப்பாணத்தில எடுக்கேலாத சவுக்காரக்கட்டி, பால்மா, பிள்ளைகளுக்குச் சப்பாத்து, ஒருத்தரிட்ட பத்து றாத்தல் பேக்கரிப் பாண்.

அதுக்குப் பிறகு நான் கட்டளையை மாத்தினன். செக் பொயின்ற் வந்தால் கதைக்கவேணும், தேங்காய் விலையாவது கதைக்கவேணும். நடுங்கி நடுங்கித் தேங்காய் விலை கதைச்ச சனத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டியள். அண்டைக்குச் சாமானை அள்ளிக் கட்டிக்கொண்டு திரும்பவும் ஏறின பிறகு, சுனில் அய்யே சிங்களத்தில மெதுவாச் சொன்னார்:

"மல்லி, இருவது வருஷமா வேன் ஓட்டுறன். பிரேதம் ஏத்தின நேரத்திலயும் இதைவிடச் சத்தம் இருந்தது."

படத்தில இருக்கிற பொட்டு

கொட்டாஞ்சேனைச் சந்தியில ஏறினவ யோகம் ரீச்சர். தாய்க்குச் சீவன் இழுத்துக்கொண்டு கிடக்குதெண்டு யாழ்ப்பாணம் போறா. அந்தப் பிளேனை விட்டால் அடுத்ததுக்கு இடமில்லை. பொட்டைக் கண்டால் தமிழ் எண்டு தெரிஞ்சிடும் எண்டு, செக் பொயின்ற் வரமுந்தியே சாறித் தலைப்பால அதை அழிச்சுப்போட்டா. எங்கட பெண்டுகள் எல்லாரும் செய்யிறதுதான், அதை நான் புதினமாப் பார்க்கேல்லை.

சோதிக்க வந்தது ஒரு பொலிஸ் பெட்டை. அடையாள அட்டையைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள். படத்தில வட்டமாப் பெரிய பொட்டு. முகத்தில துடைச்ச அடையாளம் மட்டும். இது நீயோ எண்டு கேட்டாள். ரீச்சர் கைப்பையைத் திறந்து ஒட்டுப் பொட்டு ஒண்டை எடுத்து, கண்ணாடி இல்லாமல் நெத்தியில ஒட்டினா. கொஞ்சம் கோணலாப் போச்சு. அந்தப் பெட்டை பார்த்தாள், ஏதோ யோசிச்சாள், தன்ர விரலால அதை நடுவுக்கு நகர்த்தி விட்டுப்போட்டு, "ஹரி, யன்ன" எண்டாள். சரி, போ எண்டு. வேன் வெளிக்கிட்ட பிறகுதான் ரீச்சர் அழத் தொடங்கினா.

"அழிச்சாலும் பயம், வைச்சாலும் பயமெண்டால், நான் எந்த முகத்தோட தம்பி அம்மாவைப் பார்க்கப் போறது?"

திரும்பி வாற வேன்

இனி என்ர கதை. அண்டைக்குக் காலமை நகரத்தில எங்கயோ குண்டு வெடிச்சதெண்டு றோட்டெல்லாம் கெடுபிடி. சனத்தை ஒருமாதிரி ஏத்தி அனுப்பிப்போட்டு நானும் சுனில் அய்யேயும் வெறும் வேனோட திரும்பிறம். களனிப் பாலத்தடியில எல்லாம் புது முகங்கள். வேற ஊரில இருந்து அண்டைக்குத்தான் கொண்டுவந்து விட்ட பெடியள். எங்க போட்டு வாறாய் எண்டு ஒருத்தன் கேட்டான். யாழ்ப்பாணப் பிளேனுக்கு ஆக்களை விட்டிட்டு கட்டுநாயக்காவில இருந்து வாறன் எண்டன்.

அவன் மற்றவனைப் பார்த்துச் சிரிச்சான். "யாழ்ப்பாணப் பிளேன் ரத்மலானையில இருந்தல்லோ போறது."

இடம் மாறிப்போச்சு எண்டு நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டுது. வெள்ளை வேன், வெறும் சீற்று, தமிழ்ப் பேர். ஏத்தின ஆக்களை எங்க இறக்கினாய், ஆரை இறக்கினாய் எண்டு கேள்வி போகுது. சுனில் அய்யே வக்காலத்து வாங்கப் போய், சிங்களவன் எண்டபடியால் ரெட்டிப்பு ஏச்சு வாங்கினதுதான் மிச்சம். என்ர போனைப் பறிச்சுப்போட்டு, மண்மூட்டைக்குப் பக்கத்தில நிலத்தில இருத்தினாங்கள். ஜெகனும் இந்த மண்ணிலதான் இருந்திருப்பார் எண்டு நினைச்சன். கொட்டாஞ்சேனை வீட்டில மனிசியின்ர சோறு மூடிக் கிடக்கும்.

அப்பதான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்த பிளேன் சனத்தை ஏத்தின பஸ் வந்து நிண்டுது. எல்லாரையும் இறக்கிச் சோதிக்கிறாங்கள். நான் முந்திக் கூட்டிக்கொண்டு போன முகங்களும் அதுக்குள்ள இருந்தது. என்னைக் கண்டவை, உடன நிலத்தைப் பார்த்தவை. பிழை சொல்ல மாட்டன். நானெண்டாலும் நிலத்தைத்தான் பார்த்திருப்பன்.

கந்தசாமி ஐயா மட்டும் நிலத்தைப் பார்க்கேல்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு நேர ஆமிக்காரனிட்ட வந்தார். காலிப் பக்கத்து ஸ்டேஷன்களில கன காலம் இருந்தவர், சுத்தமான சிங்களம். "இந்தத் தம்பிதான் எங்களைக் கட்டுநாயக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போறவர். அங்க இறங்கித்தான் நானும் இப்ப வாறன்" எண்டார். போய் பஸ்ஸில ஏறு எண்டு அவன் அதட்டினான். ஐயா பொக்கற்றில இருந்த கைலேஞ்சியை எடுத்து மண்ணில விரிச்சு எனக்குப் பக்கத்தில இருந்தார்.

"இவரை விடேலாதெண்டால் நானும் இருக்கிறன். பஸ்ஸைப் போகச் சொல்லுங்கோ."

பஸ் எப்பிடிப் போறது? ஏத்தின தலைக்கணக்குக் குறைஞ்சால் அடுத்த செக் பொயின்றில பஸ் டிரைவருக்கு மாட்டு. அந்தாள் இறங்கி வந்து, கட்டுநாயக்காவில எண்ணி ஏத்தின ஆளை இஞ்ச எப்பிடி விட்டிட்டுப் போறது எண்டு ஆமிக்காரனோட தர்க்கத்துக்கு நிண்டான். "கட்டுநாயக்கா" எண்ட சொல்லு பெரிய சத்தத்தில பத்துத்தரம் கேட்டுது. ஆமிப் பெரியவர் ஒருத்தர் உள்ளுக்கிருந்து எழும்பி வந்து விசாரிக்கத் தொடங்கினார். அந்த இடைக்குள்ள நான் மெல்லக் கேட்டன், ஐயா உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ எண்டு. ஐயா ஆமிக்காரன்ர பக்கம் கண்ணை வைச்சபடி சொன்னார்:

"சரியான பயம் தம்பி. ஆனால் அண்டைக்கு உங்கட வேனில இருந்ததை விடக் குறைவு."

அந்தப் பெரியவர் தலையாட்ட, போனைத் திருப்பித் தந்து, போ எண்டாங்கள். ஐயா லேஞ்சியைத் தட்டி மடிச்சுக்கொண்டு போய் பஸ்ஸில ஏறினார். பாலம் தாண்டினதும் வேனை ஓரம் கட்டச் சொல்லி, அண்டைக்கு மனிசிக்கு மிஸ்ட் கோல் இல்லை, முழுக் கோலே எடுத்தன். முதல் ரிங்கிலயே எடுத்தா. எனக்கு அழுகைதான் வந்தது. அவதான் கேட்டா:

"பாலம் தாண்டிட்டியளோ? அப்ப நான் சாப்பிடட்டோ?"

கொஞ்ச மாதத்தில பிளேன் திரும்பவும் ரத்மலானைக்கே வந்திட்டுது, ஆனால் எங்கட தொழிலில போறதுக்குத்தான் சம்பளம் தருவினம், திரும்பி வாறது எப்பவும் எங்கட சொந்தப் பொறுப்புத்தான்.