பனிப்பூச் சின்னம் போட்ட டயரில் சலாலாவுக்கு

வியாழன், காலை 4.45. துபாய், அல் கூஸ்.

புறப்படும் முன் செங்கோடன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டார்ச் அடித்துப் பின்சக்கரங்களைக் காட்டினான். "அண்ணா, பட்டன் எவ்வளவு ஆழம் பாருங்க" என்றான். டயரின் மேல் கட்டை கட்டையாக இருக்கும் வரிகளைத்தான் அவன் ஊரில் பட்டன் என்பார்கள். என் விரல்நுனி உள்ளே இறங்கியது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இனிக் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. தெரியாதவனுக்குரிய மரியாதையோடு தலையை ஆட்டினேன்.

டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள ஒரு குட்டி மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. செங்கோடன் அதைத் தடவிக் காட்டி, இது கூலிங் டயர், எந்த வெயிலிலும் சூடாகாது என்றான். அவன் ஒன்பது வருடமாக இங்கே ஒரு கேரேஜில் கார் ஏ.சி. மெக்கானிக். அதே பூதான் ஏ.சி. பொத்தானிலும் இருக்கிறது, அதை அமுக்கினால் குளிர்காற்று வருகிறது. அவன் நம்பியதில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் நம்பினேன்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த இரண்டு பழைய கார்களுக்குக் கேரேஜில் டயர் மாற்றியிருக்கிறார்கள். கழற்றிப் போட்டவற்றில் காருக்கு ஒன்றாக, நல்லதாகப் பார்த்து இவன் எடுத்துக்கொண்டான். வண்டிக்கு வருடா வருடம் நடக்கும் அரசுச் சோதனையான 'பாஸிங்' முடிந்த பிறகு அவற்றைப் பின்னால் மாட்டினான். முன்னால் இருந்தவை பழைய சாதா டயர்கள்.

அவன் மனைவி பூங்கொடி திருச்செங்கோட்டிலிருந்து விசிட் விசாவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. அடுத்த புதன்கிழமை திரும்ப விமானம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து போகும் முதல் பயணம் இது. கார் வாங்கி எட்டு மாதம். வளைகுடா முழுக்க ஆகஸ்ட் வெயிலில் வெந்துகொண்டிருக்க, ஓமனின் தென்கோடியில் சலாலாவில் மட்டும் சாரல் அடிக்கும். அந்தச் சாரலுக்குள் மனைவியைத் தன் காரில் வைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவன் ஆசை. போக மட்டும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். எல்லையில் படிவம் நிரப்ப ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். ஓசிப் பயணம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் வம்சத்தில் நான் பிறக்கவில்லை.

காலை 7.10. அல் ஐன் தாண்டி எல்லை.

எல்லையைக் கடக்க ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹம். ஓமனுக்கான இன்சூரன்ஸ் காகிதத்தை மூன்று பேர் மூன்று முறை பார்த்தார்கள். டயரை யாரும் பார்க்கவில்லை.

இப்ரியில் ஒரு மலையாளி கடையில் பரோட்டாவும் கடலைக்கறியும். பெட்ரோல் லிட்டர் இருநூற்று முப்பத்தொன்பது பைசா. ஓமனில் ரியாலுக்கு ஆயிரம் பைசா என்பதைப் பூங்கொடிக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

பகல் 12.20. ஆதம் தாண்டி.

இங்கிருந்து ஹைமா வரை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் ஒரே நேர்க்கோடு. இருபுறமும் சரளை மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. வெளியே நாற்பத்தாறு டிகிரி என்று காரே சொன்னது. நூற்றிருபதில் ஒரு லாரியை முந்தியபோது காரின் பின்பகுதி லேசாக ஆடியது, பந்தியில் இலைக்கு இடம் தேடுகிறவன் நெளிவதைப் போல. செங்கோடன் காற்று என்றான். இரண்டாவது லாரியிலும் ஆடியது. மறுபடியும் காற்றுதான் என்றான். சாலையோரம் கிடந்த பிளாஸ்டிக் பை அசையாமல் கிடந்ததை நான் பார்த்தேன். பூங்கொடி மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை 3.30. ஹைமா.

ஒரு பெட்ரோல் நிலையம், சில கடைகள், தங்குவதற்கு ஒரு விடுதி. பக்கத்தில் சேறு அப்பிய ஒரு கார் வந்து நின்றது. சலாலாவிலிருந்து திரும்பும் கார் என்று பார்த்ததும் தெரிந்தது. இந்தப் பக்கம் வேறெங்கும் சேறு கிடைக்காது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழோ?" என்றார். பெயர் தவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், டொரொண்டோவில் இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டியவர். மஸ்கட்டில் இருக்கும் தம்பியைப் பார்க்க வந்து, அந்தக் குடும்பத்தோடு சலாலா போய்த் திரும்புகிறார்.

பேசிக்கொண்டிருந்தவரின் கண் எங்கள் பின்சக்கரத்தில் விழுந்தது. குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தார்.

"தம்பி, உந்த டயரை ஆர் போட்டது?"

"நானேதானுங்க. கூலிங் டயர்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "உது கூலிங் இல்லைத் தம்பி. ஸ்னோ டயர். எங்கட பக்கம் பனி கொட்டேக்க போடுறது" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். குளிரில் சாதா ரப்பர் இறுகிப்போகும். அதனால் பனிக்கால டயரை மென்மையான ரப்பரில் செய்வார்களாம். அதே மென்மை இந்த வெயிலில் களியாகிவிடும். சீக்கிரம் தேயும், பிரேக் போட்டால் தள்ளிப்போய் நிற்கும். அதைவிட மோசம், முன்னால் ஒரு சாதி பின்னால் ஒரு சாதி என்று இருப்பது. பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் தரையைக் கவ்வும், பின்சக்கரம் நழுவும். இங்கே பின்னால் இருக்கும் இரண்டும்கூட ஒரே டயர் இல்லை. வலது ஒரு கம்பெனி, இடது ஒரு கம்பெனி, வரிகளும் வேறு. பனி நாட்டிலேயே அப்படிப் போட மாட்டார்களாம். ஒன்று பிடியை விடும் நேரத்தில் மற்றது விடாது.

காய்ந்த நேர்ச்சாலை என்பதால் இதுவரை வால் ஆடியதோடு போயிற்று. தும்ரைத் என்ற ஊரைத் தாண்டினால் மலை இறக்கம். பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி, ஈரச்சாலை, குறுக்கே மாடும் ஒட்டகமும் என்றார்.

செங்கோடன் விடவில்லை. பனியும் தண்ணீர்தானே, ஈரத்துக்கு இது நல்லதாகத்தானே இருக்கும், வேண்டுமானால் மெதுவாகப் போகிறேன் என்றான். தவராசா பின்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"கனடா போன முதல் வருசம் நானும் காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும் ரெண்டு ஸ்னோ டயர் போட்டனான். பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும் எண்டு நினைச்சன். பிரேக் பிடிக்க, முன்பக்கம் நிண்டுது, பின்பக்கம் நிக்கேல்லை. வண்டி சுழண்டு வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டுது. பின் சீட்டில ஒரு தாயும் பிள்ளையும். அவைக்கு ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த நாளே கடன் வாங்கி மற்ற ரெண்டும் போட்டனான். பாதி எண்டு ஒண்டு இல்லைத் தம்பி. நாலும் ஒண்டா இருக்கோணும்."

அவர் போன பிறகு பூங்கொடி இறங்கி வந்தாள். முன் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். பிறகு பின் டயரில். பின் டயரில் நகம் பதிந்தது. அவள் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

"ஏனுங்க, எங்கப்பா ஒரே அச்சுல ரெண்டு கம்பெனி டயர் போட மாட்டாருங்க. அல் கூஸ்லயே பாத்தனுங்க. இந்த ஊர்ல இப்படித்தான் போல, நமக்கென்ன தெரியும்னு சொல்லாம இருந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆதமிலிருந்து நானும் அப்படித்தானே உட்கார்ந்து வந்தேன்.

டயர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் பெஷாவர்காரர். எங்கள் அளவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் 'மாஃபி', அதாவது இல்லை, நிஸ்வாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் என்றார். செங்கோடன் அந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் ஒன்றைக் கழற்றி அதை மாட்டினாலும் காரில் மூன்று சாதி டயர் இருந்திருக்கும். சாதி சங்க மாநாடே நடத்தலாம். அந்த வேடிக்கையை நான் சொல்லவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

ஞாயிறு வரை காத்திருந்தால் சலாலா கிடையாது. திங்கள்கிழமை அவனுக்கு டியூட்டி. திரும்பிப் போகவும் இதே டயர்தான். விடுதியில் இரண்டு அறை எடுத்தோம், அறைக்குப் பதினெட்டு ரியால்.

வெள்ளி, காலை 8.00. ஹைமா.

டீ குடிக்கும்போது செங்கோடன் முடிவு செய்துவிட்டவனைப் போல, எண்பதுக்கு மேல் போகமாட்டேன், கிளம்பலாம் என்றான். பூங்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

"மஸ்கட்டுல இருந்து வர்ற பஸ்ஸு ஒரு மணிக்கு இங்க நிக்குமாமுங்க. கடைக்கார பாய்கிட்டக் கேட்டுட்டேன். காரு இங்கயே இருக்கட்டும்."

"பஸ்ல போறதுக்கா அம்மிணி உன்னைய ஃப்ளைட்டு ஏத்திக் கூட்டியாந்தேன்? நான் ஓட்டி நீ பாக்கோணும்னுதானே."

"நேத்து எட்டு மணி நேரம் பாத்தனுங்க. நல்லாத்தான் ஓட்டறீங்க. இன்னும் நாப்பது வருசம் பாக்கோணும்."

செங்கோடன் எழுந்தான். காரை டயர் கடையின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நாலு புது டயருக்கும் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுக்கும் முன் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தான். அந்தப் புழுதியில் அது பத்து நிமிடம்கூடத் தாங்காது.

பகல் 1.15. பேருந்து. ஆளுக்கு ஐந்து ரியால்.

பூங்கொடிக்கு ஜன்னல், அவளுக்குப் பக்கத்தில் செங்கோடன். எனக்கு இடைவழிக்கு இந்தப் பக்கம். தும்ரைத் வரை அவன் ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். அதைத் தாண்டி மலை ஏறி, மறுபுறம் இறங்கத் தொடங்கியதும் வெயிலை யாரோ அணைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. சற்று விலகினால் பச்சை, மறுபடி வெள்ளை. ஓட்டுநர் ஏ.சி.யை நிறுத்தினார். சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியது.

ஒரு வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து மூன்று மாடுகள் சாலைக்கு வந்தன. ஓட்டுநர் பிரேக் போட்டார். பேருந்து நேராக நின்றது. நான் செங்கோடனின் காலைப் பார்த்தேன். இல்லாத பிரேக்கைத் தேடி அவன் வலது கால் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. மாடுகள் போய், பேருந்து நகர்ந்த பிறகும் அவன் காலை எடுக்கவில்லை. பூங்கொடி அவன் முழங்காலில் கையை வைத்தாள். மெல்லக் கால் தளர்ந்தது. அதன் பிறகுதான் அவன் வெளியே பார்த்தான்.

"நான் ஓட்டியிருந்தா இதப் பாத்திருக்க மாட்டேன் அண்ணா" என்றான். சற்றுப் பொறுத்து, "நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க" என்றான்.

ஞாயிறு, காலை 11.40. ஹைமா.

சலாலாவில் ஒன்றரை நாள் நனைந்தோம். இளநீர் குடித்தோம், அருவிக்குப் போனோம். அதையெல்லாம் போனவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். திரும்பும் பேருந்து எங்களை ஹைமாவில் இறக்கியபோது டயர்கள் வந்திருந்தன. நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, வெயிலுக்கு உரியவை. கழற்றிய பனிப்பூ டயர்களைக் கடைக்காரர் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். செங்கோடன் மறுத்து, கத்தி வாங்கி இரண்டிலும் பக்கவாட்டைக் கீறினான். இன்னொருவன் நல்ல பட்டன் என்று எடுத்து மாட்டிவிடக்கூடாதாம்.

பூங்கொடி காரைச் சுற்றி வந்து நாலு டயரிலும் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். துபாய் வரும் வரை எத்தனையோ லாரிகளை முந்தினோம். வால் ஆடவில்லை. அவள் கைப்பிடியையும் பிடிக்கவில்லை.

புதன்கிழமை அவள் போய்விட்டாள். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம் மினிபஸ் லேசாகக் குலுங்கினாலே பின் சீட்டிலிருந்து நாலு பேர் ஓட்டுநரின் பரம்பரையை விசாரித்துவிடுவார்கள். அதை நாகரிகமில்லை என்று நினைத்த காலம் உண்டு. ஆதம் தாண்டி அந்தக் கார் ஆடியபோது மூன்று பேருக்கும் தெரிந்தது. நமக்கென்ன தெரியும் என்று ஒருத்தி பேசவில்லை. ஓசியில் வருகிறோமே என்று நான் பேசவில்லை. பெட்ரோல் நிலையத்தில் வழிப்போக்கர் ஒருவர் குனிந்து பார்க்காமல் போயிருந்தால், அந்த மூன்று மாடுகளுக்கு முன்னால் எங்கள் கார்தான் வந்திருக்கும்.

இப்போது செங்கோடன் யாரையாவது ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, சாவியைத் திருகும் முன் ஒன்று சொல்கிறான். "வண்டி ஒரு மாதிரி போச்சுன்னா உடனே சொல்லிப்போடுங்க. நான் காத்துன்னு சொன்னாலும் விடாதீங்க."