எசேக்கியேலின் மூட்டை

தவக்கால ஞாயிறு ஒன்றில், எங்கள் பங்குச் சாமியார் தோளில் துணிமூட்டையுடன் பீடத்தைவிட்டு இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் கோவில் வாசலை நோக்கி நடந்தார். கடற்காற்றில் அவருடைய ஊதா அங்கி மெல்ல உப்பியது. பாய் விரித்த தோணியொன்று கோவிலுக்குள் மிதந்து போவதுபோல் இருந்தது. கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த நான், தூக்கக் கலக்கத்தில் அதைக் கனவென்றே எண்ணினேன். வாசலில் மீன்காரப் பெண்கள் அவரை மறித்துக்கொண்டார்கள்.

"சாமி, மாத்தலாயிட்டா? சொல்லாமக் கொள்ளாமப் போறியளே!" என்று ஒருத்தி அழுதாள்.

"ஏளா, அழுது என்ன செய்ய? மூட்டையப் புடுங்கு, எப்படிப் போறாருன்னு பாப்போம்" என்றாள் இன்னொருத்தி.

சாமியார் சிரித்துவிட்டார். அது மாற்றல் அல்ல. பைபிளில் வரும் எசேக்கியேல் இறைவாக்கினர் செய்துகாட்டிய அடையாளம். நாடுகடத்தப்படுகிறவனைப்போல் மூட்டை கட்டி, பட்டப்பகலில் ஊர் பார்க்க வெளியே வைத்து, அந்தியில் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்படி அவருக்கு ஆண்டவரின் கட்டளை. எருசலேமின் வீழ்ச்சியை அது முன்னறிவித்தது என்பார்கள் விளக்கவுரையாளர்கள். இவ்வுலகம் நம் நிலையான வீடல்ல என்பதையும் சிலர் அதில் காண்பார்கள். சாமியார் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "என்ன செய்யிறன்னு சனங்க உன்கிட்ட கேக்கலியான்னு ஆண்டவரு அவர விசாரிக்காரு. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டிய, ஆனா கேட்டுட்டியளே. அதுதான் பெருசு."

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. போன மாதம் என் மகன் தன் பையைக் கட்டி நடுவீட்டில் வைத்தான். கப்பலில் சேர அவனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் அப்பா கப்பல்காரர், நானும் அப்படியே; எங்கள் வீட்டில் கட்டிய பைக்கு வேறு பொருள் கிடையாது. பையனுக்கு எவ்வளவு ஆசை என்று பூரித்துப்போனேன். நான்கு நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் பையும் இல்லை, அவனும் இல்லை. கைப்பேசி அணைந்திருந்தது.

அன்று எங்கள் ஊர்த் திரேஸ்புரம் கரையில் ஒவ்வொரு படகாக எட்டிப் பார்த்தபடி நடந்தேன். மறுநாள் அவன் நண்பன் துப்புச் சொல்ல, திருச்செந்தூரில் அவனைக் கண்டேன். கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஓங்கிய கை அவன் முகத்தைக் கண்டதும் இறங்கிவிட்டது.

"நாலு நாளு உங்க கண்ணு முன்னாலதானப்பா வச்சிருந்தேன். ஏம்லேன்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வெயில் கடலையும் வானத்தையும் ஒன்றாகக் கரைத்துக்கொண்டிருந்தது. "ஏம்லே?" என்றேன்.

"கடலப் பாத்தாலே பயமா இருக்குப்பா. பயம் போவுதான்னு பாக்கத்தான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்" என்று தொடங்கினான். அவன் சொல்லி முடிக்க அந்தப் பகல் முழுவதும் ஆயிற்று.