அத்தை சொன்ன பெயர்

என் பெயர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்தது. எனக்குப் பின் தம்பி பிறந்துவிட, வீட்டில் அது ராசியான பெயராகிவிட்டது.

போன மாதம் வெள்ளானூரில் தம்பியின் மூன்றாவது மகளுக்குப் பெயர் சூட்டினார்கள். அத்தைதான் குழந்தை காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும்.

"அக்கா, உன் பேரையே சொல்லு. அடுத்தது பையன்தான்" என்றான் தம்பி.

பள்ளியில் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சிரித்தது நினைவுக்கு வந்தது. குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நிறைமதி" என்று மூன்று முறை சொன்னேன்.

தம்பி முறைத்தான். "இன்னாக்கா இது? இன்னா அர்த்தம் அதுக்கு?"

"முழு நிலா. இவகிட்ட ஒரு கொறையும் இல்லன்னு அர்த்தம்டா."

தம்பி மனைவி குழந்தையை வாங்கி, "நிறைமதி" என்று கொஞ்சினாள்.

கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால், என் பெயருக்கு இதுவரை யாரும் அர்த்தம் கேட்டதே இல்லை.