கண்ணுக்குத் தெரிகிற தீவுக்குப் பார்படோஸ் வழியாக

வெர்லின் ஹாய்ட் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துத் தீவு நாடான செயின்ட் லூசியா தெரியும். செயின்ட் வின்சென்ட் தீவின் வடகோடியில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். நடுவில் இருபத்தைந்து மைல் கடல். ஆனால் முறைப்படி போக வேண்டுமென்றால் வேனில் தெற்கே இறங்கி, விமானம் ஏறிக் கிழக்கே மூன்றாவது தீவான பார்படோஸுக்குப் பறந்து, அங்கே காத்துக் கிடந்து, இன்னொரு விமானத்தில் மேற்கே செயின்ட் லூசியாவுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கூத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் ஒரு நாளும் அதில் போயிருக்க மாட்டான்.

வெர்லின் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். தங்கை செத்த பிறகு அவள் மகள் டெலிஸாவை வளர்த்து ஆளாக்கியவள். டெலிஸாவுக்குச் சனிக்கிழமை செயின்ட் லூசியாவில் கல்யாணம். அப்பன் போன இடம் தெரியாது. கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிப் போக வேண்டியவள் பெரியம்மாதான்.

ரம்மில் மாதக்கணக்காக ஊறிய பழங்களைப் போட்டு மூன்றடுக்குக் கறுப்புக் கேக் சுட்டு வைத்திருந்தாள். பையோடு ஆளையும் நிறுத்துப் பார்க்கிற சின்ன விமானம் அது. கேக்குக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகன் எல்ரிட்ஜ் தன் மீன்பிடிப் படகில் கொண்டுபோவதாகச் சொன்னான்.

"அக்கா, கேக்கோட நீயும் ஏறு. காலைல கிளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருப்ப."

"பாஸ்போர்ட்ல முத்திரை யாரு குத்துவா? உன் மீனா?"

"இத்தனை வருஷமா போறேன், எவன் கேட்டான்?"

"உன்னைக் கேக்க மாட்டான். கல்யாணத் தொப்பி வச்சுக்கிட்டுக் கரையேறுனா என்னைக் கேப்பான். கல்யாணத்தன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார எனக்கு ஆசையில்ல."

சட்டப்படி நடக்கிறவளுக்கு என்ன மரியாதை கிடைத்தது? வெள்ளிக்கிழமை பார்படோஸ் போய் இறங்கினாள். அடுத்த விமானம் ரத்து. நாற்காலியில் படுத்து எழுந்தாள். சனிக்கிழமை காலை விமானம் மத்தியானத்துக்குத் தள்ளிப் போனது. மத்தியானம் இன்னும் தள்ளிப் போனது.

கவுன்ட்டரில் இருந்த பெண், "கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி. ஏறிட்டா அரை மணி நேரம்தான்" என்றாள்.

"அந்த அரை மணி நேரத்த நேத்துலருந்து சொல்றீங்கம்மா. எங்க இருக்கு அது? எடுத்துக் காட்டு பாப்போம்."



அப்போது டெலிஸா போனில் கூப்பிட்டாள். "பெரியம்மா, கேக் நேத்தே வந்திருச்சு. ஒரு கீறல்கூட இல்ல. நீங்க எங்க இருக்கீங்க?"

"இன்னும் பார்படோஸ்லதான்டி."

"பாதிரியாருக்கு அடுத்த கல்யாணம் இருக்காம். இனி காத்திருக்க முடியாதுங்கறார்."

வெர்லின் அழவில்லை. அழுதால் பிள்ளையும் அழும். மையெல்லாம் கலைந்து போகும்.

"நீயே நடந்து போ. யாரு கையையும் பிடிக்காத. நிமிந்து நட" என்று சொல்லி போனை வைத்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். துக்கத்தைவிட அதில் ஆத்திரம் அதிகம்.

செயின்ட் லூசியாவில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"மக கல்யாணத்துக்கு."

"என்னைக்கு?"

"முடிஞ்சிருச்சு. நீங்க முத்திரையக் குத்துங்க."